‘லெ’ எங்கே, ‘ஸெ’ எங்கே? பிரெஞ்சுப் பிரதிப்பெயர்களுக்குத் தமிழ் வழியாக ஓர் அறிமுகம்

பிரெஞ்சு கற்கத் தொடங்கும் எவரும் முதல் வகுப்பிலேயே தம் பெயரைச் சொல்லப் பழகுகிறார்கள். “ஜெ மாப்பெல் குமார்” என்று சொன்னால் “என் பெயர் குமார்” என்று பொருள். அந்த வாக்கியத்தில் ‘பெயர்’ என்ற சொல்லே கிடையாது. ‘ஆப்பெல்’ என்பது ‘அழைக்கிறேன்’ என்னும் வினை. அதன் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் ‘ம்’ என்னும் ஒற்றை எழுத்துக்கு ‘என்னை’ என்று பொருள். நான் என்னைக் குமார் என்று அழைத்துக்கொள்கிறேன் என்பதுதான் பிரெஞ்சுக்காரர் உண்மையில் சொல்வது. அந்த ‘ம்’ இருக்கும் இடத்தில் ‘ல்’ வந்து “ஜெ லாப்பெல்” என்றானால், நான் வேறொருவரை அழைக்கிறேன் என்று பொருள் மாறிவிடும். படர்க்கையிலும் இப்படியே: “இல் ஸாப்பெல் குமார்” என்றால் அவன் பெயர் குமார், “இல் லாப்பெல்” என்றால் அவன் இன்னொருவனைக் கூப்பிடுகிறான்.

முதல் வகையை, அதாவது செயல் செய்தவரிடமே திரும்பி வருவதைக் காட்டும் சொல்லைத் தற்சுட்டுப் பிரதிப்பெயர் என்றும், செயல் இன்னொருவர் மீதோ இன்னொன்றின் மீதோ போய் விழுவதைக் காட்டும் சொல்லை நேர்ச் செயப்படுபொருள் பிரதிப்பெயர் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் இவற்றை ஆங்கிலம் வழியாகவே கற்கிறோம் என்பதுதான் இவை கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கிலத்தில் பேருந்து நின்றாலும், ஒருவர் பேருந்தை நிறுத்தினாலும் வினை ஒன்றே. எழுந்திருப்பதற்கும் குளிப்பதற்கும் அங்கே பிரதிப்பெயரே தேவையில்லை. தமிழிலோ இந்த வேறுபாடுகளுக்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்கும் மாணவரும், புதுச்சேரியின் அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போகிறவரும், பாரிஸில் குடியேறி மொழித் தேர்வுக்குப் படிக்கும் ஈழத்தமிழரும் பள்ளியில் படித்த வேற்றுமையுருபையும் தன்வினை, பிறவினையையும் நினைவில் கொண்டுவந்தால் பாதித் தூரத்தைக் கடந்துவிடலாம்.

பிரெஞ்சுச் சொற்களை இக்கட்டுரையில் ஒலியைப் பின்பற்றித் தமிழ் எழுத்தில் தருகிறேன். ‘லெ’ என்ற குறிலும் ‘லே’ என்ற நெடிலும் இங்கே வெவ்வேறு சொற்கள் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சொல்லின் இறுதியில் வரும் ‘ன்’ பெரும்பாலும் மூக்கொலியைக் குறிக்கும். எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

நேர்ச் செயப்படுபொருளை முதலில் எடுத்துக்கொள்வோம். “நான் பையனைப் பார்க்கிறேன்” என்ற வாக்கியத்தில் ‘யாரை?’ என்று கேட்டால் ‘பையனை’ என்று விடை வருகிறது. அந்த ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை உருபு. பையனை ஏற்கெனவே குறிப்பிட்டாயிற்று, மறுபடி பெயரைச் சொல்ல வேண்டாம் என்றால் ‘அவனை’ என்கிறோம். இந்த ‘அவனை’ என்ற இடத்தில் பிரெஞ்சில் வருவது ‘லெ’. ‘அவளை’ என்பதற்கு ‘லா’. ‘அவர்களை’, ‘அவற்றை’ இரண்டுக்கும் ‘லே’. ‘என்னை’ என்பது ‘மெ’, ‘உன்னை’ என்பது ‘தெ’, ‘எங்களை’, ‘நம்மை’ இரண்டும் ‘நூ’, ‘உங்களை’ என்பது ‘வூ’. தமிழைப் போலவே ‘வூ’ பலருக்கும் வரும், மரியாதைக்குரிய ஒருவருக்கும் வரும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘மெ, தெ, லெ, லா’ ஆகியவை தம் உயிரை இழந்து ‘ம், த், ல்’ என்று சுருங்கி அச்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது ‘லெ’, ‘லா’ என்ற ஆண்பால், பெண்பால் வேறுபாடு மறைந்துவிடுவதால், “ஜெ லாப்பெல்” என்பதைக் கேட்டவுடன் அழைக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது.

இச்சொற்கள் நிற்கும் இடம் வினைக்கு உடனடியாக முன்னால். பெயர்ச்சொல் என்றால் வினைக்குப் பின்னால் வரும்: “ஜெ வுவா லெ கார்ஸோன்” (நான் பையனைப் பார்க்கிறேன்). பிரதிப்பெயர் என்றால் முன்னால் வந்துவிடும்: “ஜெ லெ வுவா” (நான் அவனைப் பார்க்கிறேன்). ஆங்கிலத்தில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ‘நான் – அவனை – பார்க்கிறேன்’ என்ற வரிசையில் பேசிப் பழகிய நமக்கு இதில் புதுமை எதுவுமில்லை. ஆகவே பிரதிப்பெயர் வரும் வாக்கியத்தைத் தமிழ்ச் சொல்வரிசையிலேயே மனத்தில் அமைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

நமக்குத் தடுமாற்றம் தருவது பால் வேறுபாடு. தமிழில் உயிரற்ற எதுவும் ‘அதை’ என்ற ஒரே சொல்லில் அடங்கும். பிரெஞ்சில் அஃறிணை என்ற வகையே இல்லை. புத்தகம் (லெ லீவ்ர்) ஆண்பால், சாவி (லா க்லே) பெண்பால், கதவு (லா போர்த்) பெண்பால். புத்தகத்தைத் தேடுகிறவர் “ஜெ லெ ஷெர்ஷ்” என்றும் சாவியைத் தேடுகிறவர் “ஜெ லா ஷெர்ஷ்” என்றும் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டும் “அதைத் தேடுகிறேன்” என்பதுதான். எனவே ‘அதை’ என்று சொல்ல நினைக்கும்போது, எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பதிலாகச் சொல்கிறோம், அதன் பால் என்ன என்ற கேள்வி மனத்தில் ஓடியாக வேண்டும். பெயர்ச்சொல்லை ‘லீவ்ர்’ என்று தனியாகப் படிக்காமல் ‘லெ லீவ்ர்’ என்று சேர்த்தே மனப்பாடம் செய்யும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் முழுப் பயன் இங்கேதான் தெரியும்.

‘லெ, லா, லே’ என்ற அதே உருவங்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சார்படையாகவும் (ஆங்கிலத்தின் ‘the’ போன்ற சொல்லாகவும்) வருகின்றன. இரண்டும் லத்தீன் மொழியின் ‘இல்லெ’ என்ற சுட்டுச்சொல்லின் வழித்தோன்றல்களே ஆதலால் உருவம் ஒன்றாக இருக்கிறது. பிரித்தறிவது எளிது: அடுத்து வருவது பெயர் என்றால் சார்படை, வினை என்றால் பிரதிப்பெயர். “லெ ஷா லெ ரெகார்த்” என்ற வாக்கியத்தில் முதல் ‘லெ’ பூனைக்கு உரியது, இரண்டாவது ‘லெ’ பார்க்கப்படுகிறவனுக்கு உரியது: அந்தப் பூனை அவனைப் பார்க்கிறது.

‘ஐ’ உருபு வழிகாட்டும் என்றாலும் அது எல்லா இடத்திலும் பொருந்தாது. பொருந்தாத வினைகளைத் தனியே கற்றுக்கொள்வதே நேர்மையான வழி. தமிழில் ஒருவருக்கு உதவுகிறோம், ஒருவருக்கு நன்றி சொல்கிறோம், ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். பிரெஞ்சில் இம்மூன்று வினைகளும் நேர்ச் செயப்படுபொருளையே ஏற்கின்றன: “ஜெ லெத்” (நான் அவனுக்கு உதவுகிறேன்), “ஜெ லெ ரெமெர்ஸி” (அவனுக்கு நன்றி சொல்கிறேன்), “ஜெ லாதான்” (அவனுக்காகக் காத்திருக்கிறேன்). மறுபுறம், “அவள் தன் தாயை ஒத்திருக்கிறாள்” என்பதில் நமக்கு ‘ஐ’ வருகிறது. பிரெஞ்சில் அவ்வினைக்கு நேர்ச் செயப்படுபொருள் கிடையாது. அங்கே நான்காம் வேற்றுமைக்கு ஒப்பான ‘லுயி’ என்ற வேறு சொல் வந்து “எல் லுயி ரெஸான்ப்ல்” என்றாகும். தொலைபேசியில் அழைப்பதற்கு இரண்டு வினைகள் இருப்பது குழப்பத்தை இன்னும் கூட்டும்: ‘ஆப்லே’ என்ற வினைக்கு ‘லெ’ வரும், ‘தேலேஃபோனே’ என்ற வினைக்கு ‘லுயி’ வரும். புதிய வினை ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அதன் பின்னால் ஆள் நேரடியாக வருகிறாரா, ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல்லோடு வருகிறாரா என்பதையும் சேர்த்து எழுதிவைப்பது இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடும்.

தமிழின் ‘ஐ’ நமக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. இது பாடநூல்களில் காணக் கிடைக்காத உதவி என்பதால் சற்று நின்று பார்க்கலாம். “புத்தகம் வாங்கினேன்” என்பதற்கும் “புத்தகத்தை வாங்கினேன்” என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் எவருக்கும் தெரியும்: முன்னது ஏதோ ஒரு புத்தகம், பின்னது நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த குறிப்பிட்ட புத்தகம். பிரெஞ்சுப் பிரதிப்பெயரும் ஏறத்தாழ இதே கோட்டில் பிரிகிறது. குறிப்பிட்ட பொருளானால் ‘லெ, லா, லே’. ஏதோ ஒன்று, சில, கொஞ்சம் என்றால் ‘ஆன்’ என்ற வேறொரு சொல். “நீ அந்தப் புத்தகத்தை வாங்குகிறாயா?” என்பதற்கு “வுய், ஜெ லாஷெத்” (ஆம், அதை வாங்குகிறேன்) என்றும், “நீ புத்தகம் ஏதும் வாங்குகிறாயா?” என்பதற்கு “வுய், ஜான் ஆஷெத் அன்” (ஆம், ஒன்று வாங்குகிறேன்) என்றும் விடை வரும். தமிழில் உயிரற்ற பொருளுக்கு ‘ஐ’ இயல்பாக விழுந்துபோகும் வாக்கியங்களில் ‘லெ’ போடக் கை நீண்டால் ஒரு கணம் நிதானிப்பது நல்லது.

இனித் தற்சுட்டுக்கு வருவோம். “முருகன் கண்ணாடியில் அவனைப் பார்க்கிறான்” என்று சொன்னால், கண்ணாடியில் தெரிவது வேறு யாரோ என்று தமிழர் புரிந்துகொள்வார்கள். “தன்னைப் பார்க்கிறான்” என்றால்தான் முருகனே முருகனைப் பார்க்கிறான். தன்மையிலும் முன்னிலையிலும் இத்தகைய தனிச்சொல் நமக்குத் தேவைப்படுவதில்லை. “நான் என்னைப் பார்க்கிறேன்”, “நீ உன்னைப் பார்க்கிறாய்” என்று சாதாரண ‘என்னை’யும் ‘உன்னை’யுமே போதும், ஏனெனில் ‘நான்’ என்பவரும் ‘என்னை’ என்பவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வாய்ப்பே இல்லை. படர்க்கையில் மட்டும் ‘அவன்’ பலராக இருக்கலாம் ஆதலால் ‘தன்னை’ தேவைப்படுகிறது.

பிரெஞ்சின் அமைப்பு அப்படியே இதுதான். ‘மெ, தெ, நூ, வூ’ என்ற நான்கும் நேர்ச் செயப்படுபொருளாகவும் வரும், தற்சுட்டாகவும் வரும். உருவம் மாறுவதே இல்லை. படர்க்கையில் மட்டும், பிறரைக் குறிக்க ‘லெ, லா, லே’ என்றும், தன்னைக் குறிக்க ‘ஸெ’ என்றும் பிரிகிறது. “இல் லெ ரெகார்த்” – அவன் அவனைப் பார்க்கிறான். “இல் ஸெ ரெகார்த்” – அவன் தன்னைப் பார்க்கிறான். தமிழில் ‘தன்னை’, ‘தங்களை’ என்று ஒருமை பன்மை பிரிவதுண்டு. பிரெஞ்சில் அதுவும் இல்லை, ஆண், பெண், ஒருமை, பன்மை அனைத்துக்கும் ஒரே ‘ஸெ’, உயிரொலிக்கு முன்னால் வெறும் ‘ஸ்’. இரண்டு வரிசைகளாக மனப்பாடம் செய்யச் சொல்லப்படும் பாடத்தில் உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது ‘ஸெ’ என்ற ஒரு சொல் மட்டுமே.

குளிப்பதற்கும் கழுவிக்கொள்வதற்கும் உரிய ‘லாவே’ என்ற வினையை வைத்து வரிசையைச் சொல்லிப் பார்க்கலாம்: ஜெ மெ லாவ், த்யு தெ லாவ், இல் ஸெ லாவ், எல் ஸெ லாவ், நூ நூ லாவோன், வூ வூ லாவே, இல் ஸெ லாவ் (இந்தக் கடைசி ‘இல்’ என்பது ‘அவர்கள்’). ‘நூ நூ’ என்றும் ‘வூ வூ’ என்றும் இரட்டித்து வருவது தவறுபோலத் தோன்றினாலும் சரியே. முதல் ‘நூ’ எழுவாய் (நாங்கள்), இரண்டாவது ‘நூ’ செயப்படுபொருள் (எங்களை). அன்றாடப் பேச்சில் ‘நாங்கள்’ என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் ‘ஓன்’ என்ற எழுவாய்க்கு ‘நூ’ வராது. இலக்கணப்படி அது படர்க்கை ஒருமை என்பதால் “ஓன் ஸெ லாவ்” என்றே வரும்.

தொடக்க நிலையில் இருப்பவர்களை அதிகம் வாட்டும் கேள்வி, எழுவதற்கும் படுப்பதற்கும் நிற்பதற்கும்கூட இந்த ‘ஸெ’ எதற்காக என்பதே. எழுந்திருக்கும்போது யாரும் தன்னைத் தானே தூக்கி நிறுத்துவதாக நினைப்பதில்லையே என்று கேட்பவர்கள், நம் இலக்கணத்தின் தன்வினை, பிறவினைப் பகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். ‘திரும்பு’ என்பது தன்வினை, ‘திருப்பு’ என்பது பிறவினை. ‘எழு’ – ‘எழுப்பு’, ‘நில்’ – ‘நிறுத்து’, ‘திருந்து’ – ‘திருத்து’ என்று இந்த இணைகள் தமிழில் ஏராளம். வினையின் உருவத்தையே மாற்றி, செயல் செய்பவரிடமே நின்றுவிடுகிறதா, இன்னொருவர்மீது செல்கிறதா என்று தமிழ் காட்டிவிடுகிறது. பிரெஞ்சு பல வினைகளில் வினையின் உருவத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு பிரதிப்பெயரை மாற்றுகிறது. அம்மொழியில் அடிப்படையாகக் கிடைப்பது பிறவினை. அதைத் தன்வினையாக்கும் கருவிதான் ‘ஸெ’.

‘ஆரெதே’ என்ற வினையை எடுத்துக்கொண்டு இதை நெருங்கிப் பார்க்கலாம். அதன் அடிப்படைப் பொருள் ‘நிறுத்து’. தெருவில் ஒரு பேருந்து வருகிறது. போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டுகிறார். “லெ போலிஸியே லாரெத்” – காவலர் அதை நிறுத்துகிறார். நிறுத்தப்படுவது பேருந்து, நிறுத்துபவர் காவலர். இருவரும் வேறு வேறு, எனவே ‘ல்’. அடுத்த நிறுத்தத்தில் காவலர் இல்லை. பேருந்து தானாக வந்து நிற்கிறது. “லெ ப்யுஸ் ஸாரெத்” – பேருந்து நிற்கிறது. இங்கே ‘ஸ்’ சேர்ந்ததும் ‘நிறுத்து’ என்பது ‘நில்’ ஆகிவிட்டது. அந்த ‘ஸ்’ஸை விட்டுவிட்டு ‘லெ ப்யுஸ் ஆரெத்’ என்று சொல்லி முடித்தால், பேருந்து எதை நிறுத்துகிறது என்ற கேள்வி கேட்பவர் மனத்தில் தொங்கி நிற்கும். ‘பேருந்து நிறுத்துகிறது’ என்ற வாக்கியம் தமிழில் தரும் அதே குறை அது.

வீட்டின் காலை வேளையில் புழங்கும் வினைகள் பெரும்பாலும் இந்த முறையில் இயங்குபவைதாம். “ஜெ மெ ரேவெய்” என்றால் நான் விழிக்கிறேன். “ஜெ லே ரேவெய்” என்றால் நான் பிள்ளைகளை எழுப்புகிறேன். “ஜெ மெ கூஷ்” என்றால் நான் படுக்கிறேன். “ஜெ லே கூஷ்” என்றால் அவர்களைப் படுக்கவைக்கிறேன். “ஜெ மெ ப்ரொமென்” என்றால் நான் உலாவுகிறேன். நாயை உலாவ அழைத்துப்போனால் “ஜெ லெ ப்ரொமென்”. “ஜெ மாபிய்” என்றால் உடுத்திக்கொள்கிறேன். குழந்தைக்கு உடுத்திவிட்டால் “ஜெ லாபிய்”. கடைசி இணையில் தமிழின் ‘கொள்’, ‘விடு’ என்ற துணைவினைகள் எவ்வளவு துல்லியமாகப் பிரெஞ்சோடு ஒத்துப்போகின்றன என்பதைக் கவனிக்கலாம். தமிழில் ஒரு வினையோடு ‘கொள்’ இயல்பாகச் சேர்ந்தால், பிரெஞ்சில் ‘ஸெ’ இருக்கக்கூடும் என்று சந்தேகிப்பது பயனுள்ள பழக்கம். ஆனால் ‘தெரிந்துகொள்’, ‘வைத்துக்கொள்’ போன்றவற்றுக்கு அது பொருந்தாது ஆகையால், அதை விதியாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும்.

சில வினைகள் ‘ஸெ’ இல்லாமல் இன்றைய பிரெஞ்சில் வருவதே இல்லை: மயங்கி விழுதலைக் குறிக்கும் ‘ஸேவானுயிர்’, தப்பி ஓடுதலைக் குறிக்கும் ‘ஸான்ஃபுயிர்’ போன்றவை. இவற்றில் ‘தன்னை’ எங்கே இருக்கிறது என்று தேடுவது வீண். வினையின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். “ஸா ஸெ வான் பியென்” (இது நன்றாக விற்கிறது) என்பதைப் போல, செய்பவரைச் சொல்லாமல் விடும் வாக்கியங்களிலும் ‘ஸெ’ வரும். தொடக்க நிலையில் கண்டால் அடையாளம் தெரிந்தால் போதும்.

உடலுறுப்புகள் வரும் வாக்கியங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை, ஏனெனில் அங்கே தற்சுட்டும் நேர்ச் செயப்படுபொருளும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. “ஜெ மெ லாவ் லே மென்” – நான் கைகளைக் கழுவிக்கொள்கிறேன். தமிழில் ‘என் கைகளை’ என்று சொல்லாமலே ‘கொள்’ மூலம் கை யாருடையது என்று தெரிந்துவிடுவதைப் போல, பிரெஞ்சிலும் ‘மெ’ இருப்பதால் ‘என்’ என்ற சொல் தேவைப்படுவதில்லை. இப்போது எதைக் கழுவுகிறேன் என்று கேட்டால், ‘கைகளை’. ஆக, நேர்ச் செயப்படுபொருள் கைகள். ‘மெ’ என்பது ‘என்னை’ என்ற நிலையிலிருந்து ‘எனக்கு’ என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டது. இந்த நகர்வு இறந்தகாலத்தில் பெரிய விளைவை உண்டாக்கும். ‘கைகளை’ என்பதற்குப் பதிலாக ‘அவற்றை’ என்று சொல்ல விரும்பினால் ‘லே’யும் வினைக்கு முன்னால் வந்துவிடும்: “ஜெ மெ லே லாவ்”. இரண்டு பிரதிப்பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது ‘மெ, தெ, ஸெ, நூ, வூ’ முன்னால் நிற்கும், ‘லெ, லா, லே’ பின்னால், வினையை ஒட்டி நிற்கும். “இல் ஸெ லே லாவ்” – அவன் அவற்றைக் கழுவிக்கொள்கிறான்.

எதிர்மறையில் ‘நெ’, ‘பா’ என்ற இரண்டு சொற்களும் பிரதிப்பெயரையும் வினையையும் சேர்த்துச் சுற்றி வளைக்கும்: “ஜெ நெ லெ வுவா பா” (நான் அவனைப் பார்க்கவில்லை), “ஜெ நெ மெ லெவ் பா” (நான் எழவில்லை). ‘நெ’ ஒருபோதும் பிரதிப்பெயருக்கும் வினைக்கும் இடையில் நுழையாது.

இரண்டு வினைகள் சேர்ந்து வரும்போது, உதாரணமாக ‘பார்க்கப் போகிறேன்’, ‘எழ வேண்டும்’ என்னும் அமைப்புகளில், பிரதிப்பெயர் எந்த வினைக்கு உரியதோ அதன் முன்னால் நிற்கும்: “ஜெ வே லெ வுவார்” (அவனைப் பார்க்கப் போகிறேன்), “ஜெ வே மெ லெவே” (எழப் போகிறேன்). இங்கே மாணவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு ‘ஜெ வே ஸெ லெவே’ என்று எழுதுவது. அகராதியில் வினை ‘ஸெ லெவே’ என்று அச்சிடப்பட்டிருப்பதால் அது மாறாத வடிவம் என்று நினைத்துவிடுகிறார்கள். அகராதி தருவது படர்க்கை வடிவம். எழுவாய் ‘ஜெ’ என்றால் ‘மெ’, ‘நூ’ என்றால் ‘நூ’ என்று அது மாறியே ஆக வேண்டும். ‘நான் தன்னைப் பார்க்கப் போகிறேன்’ என்று தமிழில் சொன்னால் காதில் எவ்வளவு உறுத்துமோ, பிரெஞ்சுக்காரர் காதில் அந்த வாக்கியம் அவ்வளவு உறுத்தும்.

ஏவல் வாக்கியத்தில் மட்டும் வரிசை தலைகீழாகிறது. ஒன்றைச் செய் என்று ஏவும்போது பிரதிப்பெயர் வினைக்குப் பின்னால் சிறுகோட்டுடன் வரும், ‘மெ’, ‘தெ’ என்பவை அழுத்தம் பெற்று ‘முவா’, ‘துவா’ ஆகும்: “ரெகார்த்-லெ!” (அவனைப் பார்), “ரெகார்த்-முவா!” (என்னைப் பார்), “லெவ்-துவா!” (எழுந்திரு), “தேபெஷ்-துவா!” (சீக்கிரம்). செய்யாதே என்று தடுக்கும்போது பழைய இடத்துக்கே திரும்பிவிடும்: “நெ லெ ரெகார்த் பா!”, “நெ தெ லெவ் பா!”

இறந்தகாலத்தில் இந்த இரு வகைப் பிரதிப்பெயர்களும் தெளிவாக வழி பிரிகின்றன. முடிந்த செயலைச் சொல்ல பிரெஞ்சு ஒரு துணைவினையையும் வினையெச்சம் போன்ற ஒரு வடிவத்தையும் சேர்க்கிறது. நேர்ச் செயப்படுபொருள் பிரதிப்பெயரோடு துணைவினை ‘அவுவார்’; தற்சுட்டோடு எப்போதுமே ‘எத்ர்’. காரைக் கழுவியவர் “ஜெ லே லாவே” (அதைக் கழுவினேன்) என்கிறார்; தானே குளித்தவர் “ஜெ மெ ஸுயி லாவே” என்கிறார். வினை ஒன்றே, செயல் திரும்பி வந்ததும் துணைவினை மாறிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் உள்ள ‘லே’ பன்மைப் பிரதிப்பெயர் அன்று. ‘ல்’ என்ற பிரதிப்பெயரும் ‘அவுவார்’ துணைவினையின் ‘ஏ’ என்ற வடிவமும் சேர்ந்தது. பன்மையானால் இடையில் ஓர் இணைப்பொலி கேட்கும்: “ஜெ லேஸே லாவே” – அவற்றைக் கழுவினேன். அந்த ஸகரத்தை அதிர்வோடு ஒலிக்க வேண்டும்.

பிரெஞ்சு மாணவர்களே அஞ்சும் இயைபு விதி இங்கேதான் வருகிறது. நேர்ச் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால், வினையின் அந்த இறந்தகால வடிவம் அதன் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாற வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் கவிஞர் கிளெமான் மரோ இத்தாலிய வழக்கை முன்மாதிரியாகக் காட்டி இந்த விதியை எடுத்துரைத்தார்; 2018இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரு முன்னாள் பிரெஞ்சு ஆசிரியர்கள் ‘அவுவார்’ வரும் இடங்களில் இதைக் கைவிடலாம் என்று பொதுவெளியில் முன்மொழிந்தபோது பிரெஞ்சுலகில் பெரிய விவாதம் எழுந்தது. தேர்வுத்தாளில் விதி இன்றும் விதியாகவே இருக்கிறது. மாற்றம் பெரும்பாலும் எழுத்தில் மட்டுமே தெரியும், ஒலியில் தெரியாது என்பதால் அலட்சியம் செய்ய மனம் வரும். ஆனால் ஒலிக்காத மெய்யெழுத்தில் முடியும் வடிவங்களில் பெண்பால் விகுதி சேர்ந்தால் அது காதிலேயே விழும். ஒரு சொல்லை (ஆண்பால்) எழுதினேன் என்றால் “ஜெ லே ஏக்ரி”. கடிதத்தை (பெண்பால்) எழுதினேன் என்றால் “ஜெ லே ஏக்ரித்”.

தற்சுட்டு வினைகளிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிரதிப்பெயர் ‘ஐ’யா, ‘கு’வா? “எல் ஸே லாவே” (அவள் குளித்தாள்) என்பதில் ‘ஸ்’ என்பது ‘தன்னை’. எனவே எழுத்தில் பெண்பால் விகுதி சேரும். “எல் ஸே லாவே லே மென்” (அவள் கைகளைக் கழுவிக்கொண்டாள்) என்பதில் ‘ஐ’ கைகளுக்குப் போய்விட்டது, கைகள் வினைக்குப் பின்னால் நிற்கின்றன; எனவே எதுவும் சேராது. “எல் ஸெ லேஸே லாவே” (அவள் அவற்றைக் கழுவிக்கொண்டாள்) என்னும்போது கைகளுக்குரிய ‘லே’ முன்னால் வந்துவிட்டதால், பெண்பால் பன்மை விகுதி கைகளைப் பின்பற்றிச் சேரும். கழுவியவர் ஆணாக இருந்தாலும் அப்படியே.

ஒருவர்க்கொருவர் செய்யும் செயலையும் பிரெஞ்சு ‘ஸெ’ கொண்டே சொல்கிறது; அங்கும் தமிழின் வேற்றுமை நமக்குத் துணை வரும். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள் என்றால் ‘ஐ’ இருப்பதால் இயைபு உண்டு. அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதினார்கள் என்றால் ‘கு’ என்பதால் இயைபு இல்லை. “எல் ஸெ ஸோன்த் ஏக்ரி” என்று முடிகிறது, இறுதியில் தகரம் கேட்காது. ‘அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள்’ என்று சொன்னாலோ, எழுதப்பட்ட கடிதங்களே வாக்கியத்தின் முன்னால் வந்துவிடுகின்றன: “லே லெத்ர் கெல் ஸெ ஸோன்த் ஏக்ரித்”. அதே இரு பெண்கள், அதே ‘ஸெ’, அதே வினை. கடிதங்கள் முன்னால் வந்ததனால் மட்டும் அந்தத் தகரம் ஒலிக்கிறது.